ஓரெழுத்துப் பிழை



ஓலையில் நூல்கள் வாழ்ந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவன் பழைய ஏட்டை முன்னே வைத்துக்கொண்டு புதிய ஓலையில் படியெடுப்பான். ஓலை கிழியுமென்று அஞ்சிப் புள்ளி இடான். குறிலா நெடிலா, காலா ரகரமா என்பது படிப்பவன் அறிவுக்கு விடப்படும். கை அயர்ந்த ஒரு நொடியில் ஓரெழுத்து மாறும். அடுத்துப் படியெடுப்பவன் அப்பிழையை அறியான். உள்ளதை உள்ளவாறே எழுதுவான். இருநூறு ஆண்டு கழித்து அது பாடவேறுபாடு என்னும் பெயரோடு நின்று, உரையாசிரியரையும் பதிப்பாசிரியரையும் அலைக்கழிக்கும். ஏட்டுச் சுவடியோடு பழகிய தமிழர்க்கு மரபணுவியல் விளங்காத துறையன்று. அதன் உயிர்நாடியே படியெடுத்தலும், அதில் நேரும் எழுத்துப் பிழையும், அப்பிழை வழிவழியாகச் செல்லுதலும்தாம்.

மாந்த உடலில் கருவுள்ள ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அத்தகைய சுவடி இருக்கிறது. தாய் தந்த படி ஒன்று, தந்தை தந்த படி ஒன்று. ஆக இரண்டு படிகள். படி ஒவ்வொன்றும் 23 கட்டுகளாகப் பிரிந்துள்ளது. இக்கட்டுகளையே குரோமோசோம் என்பர். நிறப்புரி என்று தமிழில் வழங்குதல் நன்று. ஒரு படியிலுள்ள எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. பக்கத்திற்கு 2,000 எழுத்தாக 500 பக்க நூல்களாய் அச்சிட்டால் 3,000 நூல்கள் ஆகும். அத்தனையும் எழுதப்பட்ட இழையின் பெயர் டி.என்.ஏ. அதனைத் தாயனை என்று தமிழாக்கிக் கொண்டோரும் உளர். இழையில் ஒரு பொருளைப் பற்றி எழுதிய பகுதி மரபணு. இச்சொல் இன்று பள்ளி நூலிலும் நாளிதழிலும் நடமாடுகின்றது. நல்ல சொல்லை எவரும் காவல் காக்க வேண்டியதில்லை; நாக்கிலே ஏறிவிட்டால் அது தானே வாழும்.

இச்சுவடி இருக்கும் இடம் தெரியாத காலத்திலேயே அதன் இலக்கணத்தைக் கண்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் கிறித்துவத் துறவி. அன்று ஆசுத்திரியப் பேரரசிலும் இன்று செக்கு நாட்டிலும் உள்ள பிரூன் நகர மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துக் கலந்து கலந்து எண்ணினார். உருண்டை விதைச் செடியும் சுருங்கிய விதைச் செடியும் கலந்தால் முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. சுருக்கம் ஒழிந்தது போல் தோன்றும். அடுத்த தலைமுறையில் ஒளிந்திருந்தது வெளிப்படும். அவர் எண்ணியவை உருண்டை 5,474, சுருங்கியவை 1,850; ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பண்புகள் பாலும் நீரும் போலக் கலந்து கரைவதில்லை. தனித்தனி மணிகளாய் வருகின்றன, ஒன்று மறைந்திருந்தும் வழிச்செல்லும் என்பது அவர் கண்ட முடிபு. 1866-இல் அச்சான அக்கட்டுரையை உலகம் கண்டுகொள்ளவில்லை. 1884-இல் அவர் இறந்தார். 1900-இல் மூன்று நாட்டு அறிஞர்கள் தனித்தனியே அதே முடிபுக்கு வந்து, பழந்தாளைப் புரட்டியபோதுதான் தமக்கு முன்னே ஒருவர் அங்கே நின்றதைக் கண்டனர்.

எழுதுபொருள் வேறிடத்தில் கிடைத்தது. 1869-இல் மீசர் என்னும் சுவிட்சர்லாந்து இளைஞர், செருமனியின் தியூபிங்கன் நகரில், மருத்துவமனைக் கட்டுத் துணிகளில் ஒட்டியிருந்த சீழிலிருந்து அதைப் பிரித்தார். உயிரின் ஓலை கழித்தெறிந்த துணியிலே கிடைத்தது! ஆயினும் அதுவே மரபைச் சுமப்பது என்று மெய்ப்பிக்க, ஏவரியும் உடன் ஆய்ந்தோரும் 1944 வரை உழைக்க வேண்டியிருந்தது. 1952-இல் இலண்டன் கிங்சு கல்லூரியில் இரோசலிண்டு பிராங்குளின் என்னும் அம்மையாரின் ஆய்வகத்தில் ஊடுகதிர்ப் படமொன்று எடுக்கப்பட்டது. அவரைக் கேளாமலே அப்படம் வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953 ஏப்பிரலில் வாட்சனும் கிரிக்கும் முறுக்கிய ஈரிழை வடிவத்தை வெளியிட்டனர். 1962-இல் நோபல் பரிசு அவ்விருவர்க்கும் வில்கின்சு என்பார்க்கும் கிடைத்தது. அம்மையாரோ 1958-இல் 37-ஆம் அகவையிலேயே மறைந்திருந்தார். அறிவுலகத்திலும் கடன் கணக்குகள் உண்டு.

இச்சுவடிக்கு எழுத்து நான்கே. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்பன அவை. சுருக்கமாக அ, தை, கு, சை எனக் கொள்ளலாம். ஓரிழையில் அ இருந்தால் எதிரிழையில் தை. கு இருந்தால் சை. இம்முறை மாறாது. ஆதலால் இரண்டிழையும் பிரிந்தால், ஒவ்வொன்றும் தன் துணையைத் தானே எழுதிக்கொள்ளும். ஓர் உயிரணு இரண்டாகும்போது சுவடியும் இரண்டாவது இப்படித்தான். மூவெழுத்து ஒரு சொல். நான்கெழுத்தால் ஆகும் மூவெழுத்துச் சொற்கள் 64. அவற்றுள் 61 சொற்கள் 20 வகை அமினோ அமிலங்களைக் குறிப்பன. எஞ்சிய மூன்றும் முற்றுப்புள்ளிகள். அமினோ அமிலங்கள் மணிகள். அம்மணிகளைக் கோத்த மாலை புரதம். இவ்வகரமுதலியை வெளிப்படுத்தியதற்காக 1968-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், பஞ்சாபில் பிறந்த அர்கோவிந்து கொரானா. மரபணுவின் ஆணையைப் படித்து மணியைக் கோக்கும் பட்டறைக்கு இரைபோசோம் என்று பெயர். அதன் அமைப்பைக் கண்டு 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், சிதம்பரத்திலே பிறந்த வெங்கட்ராமன் இராமகிருட்டிணன்.

இனி, ஓரெழுத்து பிழைத்தால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம்.

1910-இல் அமெரிக்கச் சிக்காகோ நகர மருத்துவர் எரிக்கு, மேற்கிந்தியத் தீவிலிருந்து பல் மருத்துவம் பயில வந்த இளைஞன் ஒருவனின் குருதியைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கியில் வட்டமாய் இருக்க வேண்டிய சிவப்பணுக்களில் பல அரிவாள் போல் வளைந்திருந்தன. அரிவாளணுச் சோகை என்று இன்று வழங்கும் நோயின் முதல் மருத்துவப் பதிவு அது. வட்டச் சிவப்பணு மெத்தென்றிருக்கும். தன்னினும் ஒடுங்கிய குழாயிலும் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். அரிவாளணு விறைப்பானது, நுண்குழாயின் முடுக்கிலே சிக்கி அடைத்துக்கொள்ளும். அடைபட்ட இடத்திற்குக் காற்றும் உணவும் செல்லா. எலும்பிலும் மார்பிலும் வயிற்றிலும் பொறுக்கவொண்ணா நோவு எழும். நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். அரிவாளணு 10 முதல் 20 நாளில் சிதையும். அதனால் உடல் வெளுக்கும். சிதைந்ததன் கழிவால் கண் மஞ்சளிக்கும். ஊரார் மஞ்சட்காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பர். மண்ணீரல் கெட்டுக் காய்ச்சலுக்குக் குழந்தையைப் பறிகொடுத்த பின்னும் நோயின் பெயர் அவர்க்குத் தெரியாது. வளர்ந்தவன் வேலைக்குப் போக இயலாது படுத்தால் சோம்பன் என்பர். நோவு கண்ணுக்குத் தெரியாத நோயாளியைப் போல் இரங்கத்தக்கவன் எவனுமில்லை.

1949-இல் இலினசு பாலிங்கும் உடன் ஆய்ந்தோரும், நோயரின் ஈமோகுளோபின் மின்புலத்தில் நல்லவர் ஈமோகுளோபினைப் போல் நகரவில்லை என்று கண்டனர். ஈமோகுளோபின் என்பது சிவப்பணுவிலே உயிர்வளியைச் சுமக்கும் செந்நிறப் புரதம். நோய் உறுப்பிலன்று, ஒரு பொருளின் மூலக்கூற்றிலேயே இருக்கிறது என்று மருத்துவ வரலாற்றில் முதன்முதலாகச் சொல்லப்பட்டது அப்போதுதான். கேம்பிரிட்சில் வெர்னான் இங்கிராம் அம்மாலையைத் துண்டு துண்டாய் வெட்டி ஒப்பிட்டு, 1957-இல் குற்றம் எங்கே என்று கண்டுவிட்டார். பீட்டா என்னும் மாலையில் 146 மணிகள். அவற்றுள் ஆறாவது மணி மட்டும் வேறு. குளூட்டாமிக்கு அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் இருந்தது. முன்னது நீரை விரும்புவது. பின்னது நீரை வெறுப்பது. நீரை வெறுத்த மணி பக்கத்து ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ள, அது மற்றொன்றைப் பற்ற, உயிர்வளி குறைந்தபோது நீண்ட கோல்களாய் அடுக்கி அணுவையே வளைத்துவிடும். பின்னாளில் சுவடியின் எழுத்தையே படித்தபோது தெரிந்தது இது: 11-ஆம் நிறப்புரியில் கு-அ-கு என்று இருக்க வேண்டிய சொல், கு-தை-கு என்று இருக்கிறது. அ நின்ற இடத்தில் தை. 300 கோடி எழுத்தில் ஒன்று!

தமிழ் படித்தவர்க்கு இது வியப்பாகாது. அரம் என்பதில் ஓரெழுத்து மாறினால் மரம். கொல்லனிடம் மரத்தைக் கொடுத்து இரும்பை அராவச் சொன்னால் எப்படி? இயற்கையின் அகரமுதலியும் அத்துணைக் கண்டிப்பானது.

இப்பிழை ஏன் அழிந்து போகவில்லை? பிழையான ஏட்டைச் சுமப்போர் இளமையில் இறப்பின், சில நூறு தலைமுறைகளில் அது மறைந்திருக்க வேண்டும். இவ்வினாவிற்கு விடை 1954-இல் கிடைத்தது. கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆய்ந்த அல்லிசன் என்னும் மருத்துவர், ஒரு படியில் மட்டும் பிழை உள்ளவர்களைக் கொடிய முறைக்காய்ச்சல் எளிதில் கொல்வதில்லை என்று காட்டினார். முறைக்காய்ச்சல் என்பது மலேரியா. இரு படியும் பிழையானால் அரிவாளணுச் சோகை. இரு படியும் சரியானால் கொசுக்கடிக்கு இரை. ஒன்று சரி, ஒன்று பிழை என்றால் காப்பு. கொசு மிகுந்த காட்டு நாட்டில் பிழைப்பதற்கு அப்பிழையே துணையாயிற்று. எது பிழை, எது பாடவேறுபாடு என்பது இடம் நோக்கியே முடிவாகும் என்று பதிப்பாசிரியர்களே ஒப்புவர்.

இதனைக் கறுப்பர் நோய் என்று அமெரிக்கர் நெடுங்காலம் முத்திரை குத்தி வைத்திருந்தனர். ஆனால் வெள்ளைத் தோலினரான கிரேக்கரிடத்தும் அது இருந்தது, அரபு நாட்டிலும் இருந்தது, இந்தியாவிலும் இருந்தது. மரபணு தோலின் நிறம் பார்த்துப் போகவில்லை. கொசு போன வழியே போயிற்று. பிறப்பினாலே உயர்வு தாழ்வு கற்பிப்போர் இதனைக் கருதுவாராக. எந்த இரு மாந்தரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்தில் ஏறத்தாழ 999 எழுத்து ஒன்றாகவே இருக்கின்றன.

இந்தியாவில் இந்நோய்க்குரிய பிழை 1952-இல் முதன்முதலாக அறிவிக்கப்பட்ட இடங்களுள் ஒன்று தமிழகத்து நீலமலை. இலேமன், கட்புசு என்னும் இருவர் அங்குள்ள பழங்குடி மக்களின் குருதியை ஆய்ந்து வெளியிட்டனர். பணியர், இருளர், குறும்பர் ஆகியோரிடை இன்றும் அது உண்டு. மலையின் குளிரே நோவைத் தூண்டும் என்பது கொடுமையிலும் கொடுமை.

பிழையை ஒரு படியில் மட்டும் உடையவரைச் சுமப்பவர் என்போம். அவர் நோயாளி அல்லர். நலமாக உழைத்து நெடிது வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. சுமப்பவராகப் பாதி வாய்ப்பு. பிழையின்றிப் பிறக்க நான்கில் ஒரு பங்கு. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வதுண்டு. முதற் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று குழந்தைகளுக்கு அச்சமில்லை என்று கருதுவர். அன்று! ஒவ்வொரு பிறப்பும் புதிதாய்த் திருவுளச் சீட்டு எடுப்பது போன்றது. முன்னெடுத்த சீட்டைப் பின்னெடுப்பது நினைவில் கொள்ளாது.

இன்னொன்றைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். தந்தையர் அதனினும் கூர்ந்து கேட்க வேண்டும். நோயுள்ள குழந்தை பிறந்தால், வந்தவள் கொண்டுவந்த குற்றம் என்று மருமகளைப் பழிக்கும் வழக்கம் மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. இந்நோய்க்கு இரண்டு பிழைப் படிகள் வேண்டும். ஒன்று தந்தை தந்தது. பெண்ணாய்ப் பெற்றாள் என்று ஏசுவதும் இத்தகையதே. ஆணா பெண்ணா என்று முடிவு செய்யும் நிறப்புரி தந்தையிடமிருந்து வருகிறது. ஏசுவதானால் கண்ணாடி முன் நின்று ஏச வேண்டும்.

மறைந்து நிற்கும் பிழைகள் இது ஒன்றல்ல. ஒவ்வொருவரும் தாமறியாமல் சிலவற்றைச் சுமக்கின்றனர். உறவுக்குள் மணந்தால் அவை ஒன்றுசேர்தல் எளிதாகும். தாய்மாமனும் அக்காள் மகளும் மரபணுவில் நான்கிலொரு பங்கு பொதுவாக உடையவர். அத்தை மகனும் மாமன் மகளும் எட்டிலொரு பங்கு. முறைமாப்பிள்ளை வழக்கம் அன்பால் வந்தது, நிலம் பிரியாமை வேண்டி வந்தது என்பதெல்லாம் மெய். எனினும் அதன் விலையைக் குழந்தை கொடுக்கும் குடும்பங்களும் உள்ளன. தமிழ் வழக்கு என்பதற்காகவே ஒன்றைப் போற்ற வேண்டுமென்று அறிவு சொல்லாது.

இனி மரபணுத் தொழில்நுட்பம். ஓர் உயிரியின் சுவடியில் ஒரு பகுதியை வெட்டி வேறோர் உயிரியின் சுவடியில் ஒட்டலாம் என்று 1973-இல் அமெரிக்க அறிஞர்களாகிய கோகனும் பாயரும் காட்டினர். மாந்தனின் இன்சுலின் மரபணுவை நுண்ணுயிரியில் ஒட்டினால், எழுத்து ஒன்றாகையால் அது படித்து இன்சுலினைச் செய்து தருகிறது. அதுவரை நீரிழிவு நோயர்க்குப் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்தே இன்சுலின் எடுத்தனர். மாந்த இன்சுலின் 1982-இல் மருந்துக்கடைக்கு வந்தது. பருத்தியில் புழுக்கொல்லி மரபணுவை ஒட்டியது 2002-இல் இந்திய வயலுக்கு வந்ததும், கத்தரியில் அவ்வாறு செய்ததை 2010-இல் நடுவணரசு நிறுத்தி வைத்ததும் தனிப் பொழிவுக்குரியவை.

ஒட்டுவது ஒருபுறமிருக்க, குறிப்பிட்ட எழுத்தைத் தேடிச் சென்று திருத்தும் கருவி 2012-இல் வெளிப்பட்டது. கிரிசுபர் என்பது அதன் பெயர். நச்சுயிரி தாக்கும்போது நுண்ணுயிரி அதன் எழுத்துத் துண்டை நினைவாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மீண்டும் அது வந்தால் அடையாளம் கண்டு வெட்டும். அவ்வெட்டுக் கத்தியைத் தாம் வேண்டிய இடத்திற்கு ஏவக் கற்ற தௌத்னா, சார்ப்பாந்தியே என்னும் பெண்மணியர் இருவர் 2020-இல் நோபல் பரிசு பெற்றனர். அக்கருவியால் ஆன மருத்துவங்களுள் அரசுகள் ஒப்புதல் தந்த முதலாவது, அரிவாளணு நோய்க்கே அமைந்தது. 2023 நவம்பரில் பிரித்தானியாவும் திசம்பரில் அமெரிக்காவும் ஒப்புதல் தந்தன. காசுகெவி என்பது அதன் பெயர்.

அது பிழையெழுத்தை நேரே திருத்துவதன்று. வேறொரு வழியை மேற்கொண்டது. கருவிலிருக்கும் குழந்தைக்கு வேறு ஈமோகுளோபின் உண்டு. அதற்கு அரிவாளாகும் குற்றம் இல்லை. பிறந்த சில மாதங்களில் உடல் அதனை அடைத்துவிட்டுப் பெரியோர்க்குரியதைத் திறக்கும். நோய் ஆறு மாதம் வரை குழந்தையிடம் வெளிப்படாததற்கும் இதுவே கரணியம். முதிர்ந்த சிவப்பணுவிற்குக் கரு இல்லை. ஆகவே அதைச் செய்யும் மச்சையின் தாயணுக்களை எடுத்து, அடைக்கும் விசையைக் கத்தியால் வெட்டி, கடுமருந்தால் பழைய மச்சையை ஒழித்துவிட்டு, திருத்திய அணுக்களை மீண்டும் செலுத்துகின்றனர். குழந்தைமை ஈமோகுளோபின் மீண்டும் சுரக்கிறது; நோவு நிற்கிறது. பெரும்பேறுதான். விலை என்ன? 2023-இல் ஒருவர்க்கு 22 இலக்கம் தாலர். ஏறத்தாழ 18 கோடி உருபா! தேயிலைத் தோட்டத்துக் கூலியாளின் எலும்பிலிருக்கும் பிழைக்கு மருந்து கண்டாயிற்று. அவன் குடியிருப்பு முழுதும் பல தலைமுறை உழைத்தாலும் வாங்க முடியாத இடத்தில் அது வைக்கப்பட்டிருக்கிறது.

இந்நாட்டிலேயே குறைந்த செலவில் செய்ய இயலும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. குருதி உறையாமை நோயுடைய ஐவர்க்கு மரபணு மருத்துவம் செய்து பயன் கண்டதை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அறிஞர்கள் 2024-இல் வெளியிட்டனர். அரிவாளணு நோய்க்கும் தில்லியிலுள்ள நடுவணரசின் ஆய்வு நிறுவனம் கிரிசுபர் வழி மருத்துவத்திற்கு முயன்று வருகிறது. இத்தகைய முயற்சிகளுக்கே அரசு பணத்தைக் கொட்ட வேண்டும்.

ஒரு நோயரின் மச்சையைத் திருத்தினால் அத்திருத்தம் அவரோடு முடியும். கருவைத் திருத்தினால் வழிவழியாய்ச் செல்லும். 2018-இல் சீன ஆய்வாளர் ஒருவர் கருக்களைத் திருத்திப் பெண் குழந்தைகள் பிறக்கச் செய்ததாக அறிவித்தார், உலகம் கண்டித்தது, மறு ஆண்டே சீன நயமன்றம் அவரைச் சிறையிட்டது. கண்டித்தது சரியே. பிறவாத பிள்ளையின் ஏட்டில் எழுத எவர்க்கும் இன்னும் கை பழகவில்லை.

பதினெட்டுக் கோடிக்குக் காத்திருக்க வேண்டாத வேலைகள் பல உள. ஐதராக்சியூரியா என்னும் மாத்திரை குழந்தைமை ஈமோகுளோபினைக் கூட்டி நோவைக் குறைக்கும், அமெரிக்கா 1998-லேயே இந்நோய்க்கு அதனை ஏற்றது, விலை குறைவு. குழந்தைகளுக்குத் தடுப்பூசி, நிறையத் தண்ணீர், குளிர்க்குப் போர்வை, காய்ச்சல் கண்டவுடன் மருத்துவமனை ஆகியவை உயிரைக் காக்கும். நடுவணரசு 2023 சூலை முதல் நாள் தொடங்கிய திட்டத்தில் 7 கோடிப் பேரை ஆய்ந்தறிய வேண்டும் என்பது குறிக்கோள். தமிழகமும் அதில் உண்டு. ஆனால் ஆய்ந்தபின் கையில் ஒரு சீட்டைத் திணித்து அனுப்பிவிட்டால் என்ன பயன்? சுமப்பவர் என்பது நோயாளி என்பதன்று என்று யார் சொல்வது? சொல்லாவிட்டால் அச்சீட்டு ஒரு பெண்ணின் மணத்தை முறிக்கும் ஓலையாகிவிடும். அதனை ஆங்கிலத்தில் சொன்னால் அவர்க்கு விளங்காது. புலவர் கூடி ஆக்கிய தூய தமிழில் சொன்னாலும் விளங்காது என்பதை இவ்வவை பொறுத்தருள வேண்டும். இருளர் மொழியும் பணியர் மொழியும் தமிழின் உடன்பிறப்புகள். அவ்வீட்டுப் பிள்ளைகள் செவிலியராகி அவ்வீட்டு மொழியிலேயே சொல்ல வேண்டும். தமிழுக்கு ஓர் அறம், தம்பி மொழிகளுக்கு வேறோர் அறம் என்றிருக்க முடியாது.

ஆய்வு எளிது. விரல் நுனியில் ஒரு சொட்டுக் குருதி. அதனை மருந்து நீரில் கலப்பர். நீர் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. கலங்கினால், சுமப்பவரா நோயரா என்று அதனால் சொல்ல இயலாது. அடுத்த ஆய்வு வேண்டும். அங்கே பாலிங்கு 1949-இல் செய்ததையொத்தே இன்றும் மின்புலத்தில் ஈமோகுளோபினை ஓடவிடுவர். முந்தி ஓடிய கோடு மட்டும் தெரிந்தால் இரு படியும் நல்லவை. முந்தியதும் பிந்தியதுமாக இரண்டு கோடுகள் தெரிந்தால் அவர் சுமப்பவர். மணம் பேசும்போது எதிர்வீட்டாரும் ஆய்ந்துகொள்ள வேண்டும். பிந்திய கோடு மட்டும் தெரிந்தால், காலம் தாழ்த்தாது மருத்துவரை நாடி மருத்துவம் தொடங்க வேண்டும்.